கவுண்ட் பூஜ்யம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டதா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் விந்துப் பரிசோதனை பற்றி எழுதிய சின்னக் குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் மனைவிகளும் அம்மாக்களும் எழுதியவை. ஆண்கள் எழுதியது குறைவு, ஆனால் எழுதியவர்கள் மனம் விட்டு எழுதியிருக்கிறார்கள். யார் பெயரும் போடவில்லை, தென்னாப்பிரிக்காவில் அவர்கள் இருக்கும் ஊர் மட்டும்தான். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் எல்லாருமே ஒரே வரியைத்தான் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்கள்: விந்தணு எண்ணிக்கை, அதாவது கவுண்ட். அதே தாளில் அளவு, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்), ஃப்ரக்டோஸ், துத்தநாகம் (சிங்க்) என்று வேறு வரிகளும் இருக்கின்றன. கோளாறு எந்த இடத்தில் என்று காட்டுவது பல சமயம் அந்த வரிகள்தான். விந்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இன்று அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 34, கல்யாணமாகி ஐந்து வருடம். இரண்டு தடவை டெஸ்ட் செய்தோம், இரண்டிலும் கவுண்ட் பூஜ்யம். அளவு 0.8 மில்லி, பிஎச் 6.6, ஃப்ரக்டோஸ் நெகட்டிவ். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, வேறொருவர் விந்தைப் பயன்படுத்திக் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு விந்தணுவே உற்பத்தி ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (சாட்ஸ்வொர்த்)

பதில்: தம்பி, அப்படி அர்த்தம் இல்லை. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தால் உற்பத்தி நன்றாகவே நடக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை என்றே தோன்றுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

விந்து என்று நாம் பார்க்கிற திரவத்தில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மீதி எல்லாம் வழியில் வந்து சேர்கிற நீர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மூத்திரப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பைகள் என்ற இரண்டு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அந்த நீர் காரத்தன்மை உள்ளது, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை அதில்தான் இருக்கிறது. கால் பங்கு அல்லது சற்றே கூடுதலாக ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. அது லேசான அமிலம், அதில் துத்தநாகம், சிட்ரிக் அமிலம், ஆசிட் பாஸ்ஃபட்டேஸ், பிஎஸ்ஏ என்ற புரதம் எல்லாம் இருக்கும். விரையின் மேல் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற குழலிலிருந்து, அதாவது விந்தணு முதிர்ச்சி அடைந்து நீந்தும் திறன் பெறுகிற இடத்திலிருந்து, கொஞ்சம் நீர் வருகிறது. கார்னிட்டினும் நியூட்ரல் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற என்சைமும் அந்த இடத்துக்கு அடையாளம். ஒவ்வொரு சுரப்பியும் தனக்கே உரிய ஒரு பொருளை அந்த நீரில் விட்டுச் செல்வதால், எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்தே எந்தச் சுரப்பியின் வழி திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட முடிகிறது. விந்தில் இருக்கும் சர்க்கரை ஃப்ரக்டோஸ்தான் என்று தாடியஸ் மான் கண்டறிந்தது 1946ல். அதற்கான எளிய சோதனையில் விந்தோடு ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்குவார்கள். ஃப்ரக்டோஸ் இருந்தால் செம்மஞ்சள் நிறம் வரும், இல்லையென்றால் நிறமே மாறாது.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். அளவு 0.8 மில்லி. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் கீழ்வரம்பு 1.4 மில்லி. பிஎச் குறைந்தது 7.2 இருக்க வேண்டும், உங்களுக்கு 6.6, அதாவது அமிலம். ஃப்ரக்டோஸ் அறவே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், விந்துப்பை நீர் கலக்கவே இல்லை, வெளியே வந்திருப்பது கிட்டத்தட்ட ப்ராஸ்டேட் நீர் மட்டும்தான் என்று தெரிகிறது. விந்துப்பையின் வாயும் விந்தணு வரும் குழாயும் ஒன்றாகச் சேர்ந்தே திறப்பதால், விந்துப்பை நீர் வரவில்லை என்றால் விந்தணுவுக்கும் வழியில்லை. ஜோஜோ டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயை இணைக்காவிட்டால் சமையலறையில் சொட்டுக்கூட வராது இல்லையா, அந்த நிலை.

இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, விரையிலிருந்து மேலே போகும் வாஸ் என்ற விந்துக் குழாய் இரு பக்கமும் பிறவியிலேயே இல்லாமல் இருப்பது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் தேவையில்லை. அனுபவமுள்ள மருத்துவர் விதைப்பையைக் கையால் தொட்டுப் பார்த்தாலே போதும், குழாய் இருந்தால் கெட்டியான கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும். உங்களை யாராவது அப்படித் தொட்டுப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன், பார்க்காமலே ஒருவர் முடிவு சொல்லியிருந்தால் அது சரியில்லை. இரண்டாவது காரணம், குழாய்கள் இருந்தும் அவை மூத்திரக் குழாயில் திறக்கிற இடத்தில் அடைப்போ நீர்க்கட்டியோ இருப்பது. ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் இது தெரியும், சிலருக்கு மூத்திரக் குழாய் வழியாகவே சின்ன அறுவைசிகிச்சை செய்து திறந்துவிடலாம்.

குழாய் பிறவியிலேயே இல்லையென்றால் இரண்டு விஷயம் அவசியம். முதலாவது, சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன், ஏனென்றால் சிலருக்கு அந்தக் குழாயோடு ஒரு பக்கச் சிறுநீரகமும் உருவாகாமல் போயிருக்கும். இரண்டாவது, சிஎஃப்டிஆர் என்ற மரபணுவைப் பார்க்க வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் காரணமான அதே மரபணுதான் இது. உங்களுக்கு அந்த நோய் இல்லாமலே இருக்கலாம், ஆனால் மனைவியும் அதே மரபணுவில் மாற்றம் உள்ளவராக இருந்தால் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு உண்டு. அதனால் விந்தணு எடுத்துக் குழந்தைக்கு முயற்சிப்பதற்கு முன்பே மனைவிக்கும் சோதனை வேண்டும். இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஐரோப்பியரிடம் அதிகம் காணும் மாற்றங்களை மட்டும் தேடுகிற சோதனை நம்மவர்களுக்குப் போதாது, மரபணு முழுவதையும் படிக்கிற சோதனை செய்வார்களா என்று கேளுங்கள்.

விரையின் அளவும், மூளை விரைக்கு அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் சரியாக இருந்தால், எபிடிடிமிஸிலிருந்தோ விரையிலிருந்தோ ஊசியால் விந்தணு எடுத்து, முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறையில் உங்கள் சொந்தக் குழந்தையைப் பெற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் 1992ல் அந்த முறை வெற்றியடைந்த நாளிலிருந்து உங்களைப் போன்றவர்கள் பலர் அப்பா ஆகியிருக்கிறார்கள். பிறர் விந்தைப் பயன்படுத்துவது தவறில்லை, அது உங்கள் இருவர் விருப்பம், ஆனால் அதை முதல் நாளே முடிவாகச் சொல்லக் கூடாது. யூராலஜிஸ்டிடம் போங்கள், இந்தத் தாளையே எடுத்துப் போங்கள். வீட்டில் எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கும் கவுண்ட் பூஜ்யம்தான். ஆனால் அளவு 3 மில்லி, பிஎச் 7.8, ஃப்ரக்டோஸ் பாசிட்டிவ். "மற்றதெல்லாம் நார்மல், கவலைப்படாதே" என்கிறார். அவர் ஜிம்முக்குப் போகிறவர், உடம்பு ஏற ஏதோ ஊசியும் போட்டுக்கொள்கிறார், அதனால் ஆண்மை கூடும் என்றுதானே சொல்கிறார்கள்? (ஃபீனிக்ஸ்)

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோனோ அது சார்ந்த ஸ்டீராய்டோ என்றால், பூஜ்யத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, விரைக்கு அனுப்புகிற எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களை நிறுத்திவிடும். அப்புறம் தசை பெருக்கும், விரை சுருங்கும், விந்தணு நின்றுபோகும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, 1990ல் அதன் முடிவும் வெளியானது. அதைப் போட்டுக்கொண்டே குழந்தைக்குக் காத்திருப்பது வீண். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் விந்தணு திரும்பிவிடும், சிலருக்கு இரண்டு வருடம் வரை ஆகும். மருத்துவரிடம் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் நிறுத்தியவுடன் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும், சிலர் அதைத் தாங்காமல் திரும்ப ஊசிக்கே போய்விடுகிறார்கள். எந்த ஊசி, எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். நாங்கள் யாரும் போலீசிடம் சொல்லப் போவதில்லை.

ஊசி காரணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலே சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்னது உங்கள் கணவருக்குப் பொருந்தாது. ஃப்ரக்டோஸ் இருக்கிறது, அளவும் இருக்கிறது, அதனால் விந்துப்பையின் வழி திறந்தே இருக்கிறது. ஆக, ஒன்று அடைப்பு அதற்கும் கீழே, எபிடிடிமிஸில் அல்லது அதற்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விரையிலேயே உற்பத்தி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்கத்தான் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் உதவுகிறது. ஒரு முறை வெளியாகும் விந்தில் அது 20 மில்லியூனிட்டாவது இருக்க வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் எபிடிடிமிஸ் நீர் வந்து சேரவில்லை, அதாவது இரு பக்கமும் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். பழைய மேகநோய், க்ளமிடியா போன்ற தொற்றுகள் அங்கே வடுவாக நின்று குழலை மூடியிருக்கும். ப்ராஸ்டேட்டிலிருந்தும் இதே பெயரில் இன்னொரு வகை என்சைம் வருவதால், லேப் அதைத் தடுத்துவிட்டு நியூட்ரல் வகையை மட்டும் அளக்க வேண்டும். எல்லா லேப்பும் இதைச் செய்வதில்லை.

கூடவே எஃப்எஸ்எச்சும் விரையின் நீளமும் பார்க்க வேண்டும். எஃப்எஸ்எச் 7.6க்கு மேல், விரை 4.6 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் உற்பத்திக் குறைபாடு என்று சந்தேகிப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் அடைப்பு பக்கம் சாயும். உற்பத்திக் குறைபாடு என்றால் குரோமோசோம் சோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் கட்டாயம். ஏஇசட்எஃப்சி என்ற பகுதி மட்டும் விடுபட்டிருந்தால் விரைக்குள் தேடினால் விந்தணு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏஇசட்எஃப்ஏ, ஏஇசட்எஃப்பி பகுதிகள் முழுக்கப் போயிருந்தால் அறுவைசிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அநாவசியமாக வெட்டிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு நன்மைதானே. மற்றபடி மைக்ராஸ்கோப் வைத்து விரைக்குள் தேடும் முறையில் உற்பத்திக் குறைபாடு உள்ளவர்களிலும் சுமார் பாதிப்பேருக்கு எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் விந்தணு கிடைத்துவிடுகிறது.

டொராண்டோவில் ஓர் ஆய்வுக்குழு 2013ல் விந்து நீரில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்தே இந்தப் பிரிவினையைச் செய்யலாம் என்று காட்டியது. ஈசிஎம்1 என்பது எபிடிடிமிஸ் பக்கத்தைக் காட்டும், டெக்ஸ்101 என்பது விரைக்குள் இருக்கும் விந்தணுச் செல்களில் மட்டும் உருவாவது. கத்தி வைக்காமலே, உள்ளே விந்தணு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது! எனக்கு இந்த வழியில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு உங்களுக்கு உதவப் போவது எஃப்எஸ்எச், கைப் பரிசோதனை, மரபணுச் சோதனை இந்த மூன்றும்தான்.

கேள்வி: ஐயா, மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மருமகளுக்கு எல்லா டெஸ்டும் செய்தாகிவிட்டது, சாயம் விட்டு எக்ஸ்ரேகூட எடுத்தார்கள், அழுதுகொண்டு வந்தாள். ஒன்றும் குறையில்லையாம். இப்போது என் மகனையும் டெஸ்ட் செய்யச் சொல்கிறார்கள். அவனுக்கு ஆண்மையில் ஒரு குறையும் இல்லை, பிறகு எதற்கு? தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறான், அது முடிந்ததும் போகச் சொல்லலாமா? (வெருலம்)

பதில்: அம்மா, மருமகள் அழுததை எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசுக்காகவே நேராகச் சொல்கிறேன். மகனைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் இருவரையும் ஒரே வாரத்தில். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. அவள் பட்ட வலிக்கு எதிரே அவன் செய்ய வேண்டியது ஒரு டப்பாவில் விந்து கொடுப்பது, அவ்வளவுதான். ஊசிகூடக் கிடையாது.

ஆண்மை வேறு, விந்தணு வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத, பார்க்க ஆரோக்கியமான ஆளுக்கும் கவுண்ட் பூஜ்யமாக இருக்கலாம். திரவத்தில் விந்தணு எவ்வளவு சொற்பம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே டெஸ்ட் செய்யச் சொல்வது அவனை அவமானப்படுத்துவது ஆகாது.

விரதம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. சோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் விந்து வெளியாகாமல் இருக்க வேண்டும். பத்து நாள் விரதம் முடிந்த கையோடு கொடுத்தால் எண்ணிக்கை கூடுதலாகவும் ஓட்டம், அதாவது விந்தணு நீந்தும் திறன், குறைவாகவும் காட்டலாம், தாளைப் பார்ப்பவர் குழம்பிப்போவார். காவடி முடிந்து, வீட்டில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பி, அதன்பின் மூன்று நாலு நாள் இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரு முறை குறைவாக வந்தால் அதோடு முடிவு கட்டாமல் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும்.

முருகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், மருமகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் யாராவது அவளிடம் "இன்னும் ஒண்ணும் இல்லையா" என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. விந்தில் துத்தநாகம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. கவுண்ட் 12 மில்லியன். பார்மசியில் சிங்க் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், எத்தனை மில்லிகிராம் எடுக்கலாம்? (டோங்காட்)

பதில்: தம்பி, மாத்திரையை வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள். விந்தில் துத்தநாகம் குறைவு என்றால் உங்கள் உடம்பில் துத்தநாகம் குறைவு என்று பொருள் இல்லை. ப்ராஸ்டேட் தன் நீரில் அதைச் சேர்த்து வைக்கிறது. அது குறைந்தால் ப்ராஸ்டேட் சரியாகச் சுரக்கவில்லை என்று பொருள், அதற்கு அடிக்கடி காரணம் அங்கே இருக்கும் நாள்பட்ட அழற்சி அல்லது தொற்று. கீழ்வரம்பு ஒரு முறைக்கு 2.4 மைக்ரோமோல். இது செறிவை மொத்த அளவால் பெருக்கி வருகிற கணக்கு, ஆகவே டப்பாவில் பாதியைத் தவறவிட்டிருந்தாலும் குறைவாகத்தான் வரும். அதுவும் முதலில் வெளியாகும் பங்கில்தான் ப்ராஸ்டேட் நீரும் பெரும்பாலான விந்தணுவும் இருக்கும். முதல் துளிகள் வெளியே போயிருந்தால் துத்தநாகம், எண்ணிக்கை இரண்டுமே விழும், உங்கள் தாளில் இரண்டும் விழுந்திருக்கிறது. எனவே முதல் வேலை, சரியாகச் சேகரித்து இன்னொரு சோதனை.

அதிலும் குறைவாக இருந்தால் வெள்ளணுக்களைப் பாருங்கள். பெராக்சிடேஸ் சாயம் ஏறுகிற வெள்ளணுக்கள் ஒரு மில்லிக்கு ஒரு மில்லியனுக்கு மேல் இருந்தாலோ, அவை விடுகிற எலாஸ்டேஸ் என்ற என்சைம் கூடியிருந்தாலோ அழற்சி இருக்கிறது. விந்து ஒரு மணி நேரம் ஆகியும் இளகாமல் கட்டியாகவே இருந்தால் அதுவும் ப்ராஸ்டேட் பக்கம் கைகாட்டும், ஏனென்றால் அதை இளக்குவது ப்ராஸ்டேட் தரும் பிஎஸ்ஏ. தொற்று இருந்தால் அதற்குரிய மருந்து மனைவிக்கும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரை விஷயம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2020ல் வெளியானது. ஆண்களில் ஒரு பாதிக்குத் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, ஆறு மாதம். குழந்தை பிறந்தது துத்தநாகம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 34, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 35. எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எதிலும் முன்னேற்றம் இல்லை. விந்தணுவின் டிஎன்ஏ உடைவு துத்தநாக மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் கூடவே இருந்தது, வயிற்றுக் கோளாறும் அவர்களுக்குத்தான் அதிகம். இதைத் தெரிந்துகொண்டே "ஆண்மைக்கு" என்று படம் போட்டு விற்பவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குழந்தைக்காக ஏங்கும் ஒருவரிடமிருந்து அந்தக் காசை வாங்குகிறார்கள். ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்று நிரூபணமானால் ஒழிய உங்களுக்கு இது வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது கொதிகலனைப் பற்றி. விரை உடம்பைவிட இரண்டு முதல் நாலு டிகிரி குளிர்ச்சியில் வேலை செய்யும் உறுப்பு, அதனால்தான் வெளியே தொங்குகிறது. மேற்பார்வையாளரிடம் பேசி இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் இடையிடையே வெளியே வந்து நில்லுங்கள், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அப்புறம் எபிடிடிமிஸைக் கடக்க ஓரிரு வாரம். இன்று மாற்றுவதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தாளில் தெரியும். வெரிகோசீல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருப்பது அது, அதைச் சரிசெய்ய வழியிருக்கிறது. 12 மில்லியன் என்பது கீழ்வரம்பான 16ஐவிடக் குறைவு, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையிலும் தானாகக் குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். உச்சம் வருகிறது, ஆனால் விந்து ஓரிரு துளிதான். விந்திலும் சர்க்கரை இருக்கிறது என்கிறார்களே, பழம் சாப்பிடுவதை நிறுத்தினால் சரியாகுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விந்தில் உள்ள ஃப்ரக்டோஸ் நீங்கள் சாப்பிட்ட பழத்திலிருந்து வருவதல்ல, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை வைத்து விந்துப்பை தானே தயாரிப்பது. உங்களுக்கு நடப்பது வேறாக இருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நரம்பைப் பாதித்தால் மூத்திரப்பையின் வாய் சரியாக மூடாது, விந்து முன்னால் வராமல் பின்னால் மூத்திரப்பைக்குள் போய்விடும். உச்சத்துக்குப் பிறகு உடனே மூத்திரம் கொடுத்து அதில் விந்தணுவைத் தேடினால் விடை தெரிந்துவிடும், காசு அதிகம் ஆகாத சோதனை. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கும் விந்து இப்படிக் குறையும், நீங்கள் சாப்பிட்டால் சொல்லுங்கள். மூத்திரப்பையின் வாயை இறுக்கும் மருந்துகள் உண்டு, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மருந்து பலிக்காவிட்டாலும் மூத்திரத்தின் அமிலத்தைக் குறைத்து அதிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுக்க முடிகிறது. நம் சமூகத்தில் சர்க்கரை இவ்வளவு பரவியிருக்கும்போது இதை யாரும் வெளியில் பேசாமல் இருப்பது வருத்தம். எழுதியதற்கு நன்றி.

கேள்வி: ரிப்போர்ட்டில் நார்மல் வடிவ விந்தணு 4 சதவீதம் என்று இருக்கிறது. மீதி 96ம் கெட்டுப்போனதா? (லெனேசியா)

பதில்: இல்லை, 4 என்பது வரம்புக்குள்தான். மிகக் கறாரான அளவுகோல் அது, தலை, கழுத்து, வால் எதிலும் லேசான பிசகுகூட இருக்கக் கூடாது என்று பார்ப்பது. உலகம் முழுக்க இன்று பயன்படும் அந்த அளவுகோல் நம் தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனுக்கு அருகே டைகர்பெர்க் மருத்துவமனையில், தைனஸ் க்ரூகரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் உருவாக்கியது. மனைவிக்குக் கருக்குழாய் திறந்திருக்கிறது, உங்களுக்கு எண்ணிக்கையும் ஓட்டமும் சரி என்றால் இந்த 4ஐ நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

கேள்வி: லேப்பில் டிஎன்ஏ ஃப்ராக்மென்டேஷன், ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்று புதிதாக இரண்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (ஷால்க்ராஸ்)

பதில்: முதலாவது விந்தணுவின் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது, அது சிலருக்கு உதவும்: திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்கள், வெரிகோசீல் உள்ளவர்கள், டெஸ்ட் டியூப் முயற்சி காரணம் தெரியாமல் தோற்றவர்கள். 2021 கையேட்டில் அதுவும், இங்கே நான் எழுதிய ஃப்ரக்டோஸ், துத்தநாகம் போன்றவையும் எல்லாருக்கும் செய்ய வேண்டிய அடிப்படைச் சோதனையில் இல்லை, தேவைப்பட்டால் செய்கிற விரிவான சோதனைகளில் இருக்கின்றன. ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ், அதாவது விந்தணுவைக் கெடுக்கும் ஆக்ஸிஜன் சேர்மங்களை அளப்பது, இன்னும் ஆய்வு நிலைச் சோதனைகளோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவை வைத்து உங்கள் சிகிச்சையில் எது மாறும் என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒன்றும் மாறாது என்றால் அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: லேப்பில் விந்து கொடுக்கச் சொல்லும் அந்தச் சின்ன அறையில் என்னால் முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா? (ஐசிபிங்கோ)

பதில்: தாராளமாகக் கொண்டுபோகலாம், பலருக்கு அந்த அறை ஒத்துவராது. லேப் கொடுத்த டப்பாவையே பயன்படுத்துங்கள். சாதாரண ஆணுறை வேண்டாம், அதில் விந்தணுவைக் கெடுக்கும் பூச்சு இருக்கலாம், எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில், தாமதமானாலும் ஒரு மணிக்குள், கொடுத்துவிடுங்கள். ஏதாவது சிந்தியிருந்தால், முக்கியமாக முதல் துளிகள் சிந்தியிருந்தால், கவுண்டரில் சொல்லிவிடுங்கள். முந்தைய மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்ட் திட்டங்கள் சட்டப்படி கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில், 902எம் என்ற குறியீட்டின் கீழ், குழந்தையின்மைக்கான அடிப்படைப் பரிசோதனைகள் இருக்கின்றன, விந்தின் அளவு, எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் பார்க்கும் சோதனை உட்பட. டெஸ்ட் டியூப் சிகிச்சை அதில் சேராது. குறியீட்டைச் சொல்லியே கேளுங்கள், போனில் மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கலாம். ஃப்ரக்டோஸோ ஆல்ஃபா குளுக்கோசிடேஸோ பார்க்க வேண்டுமானால் அதை மருத்துவரின் சீட்டிலேயே எழுதி வாங்கி, நேரம் குறிக்கும்போதே லேப்பிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எண்ணி முடித்ததும் மிச்ச விந்தைச் சுழற்றி நீரைத் தனியே பிரித்து அன்றைக்கே உறைய வைக்க வேண்டும், மறுநாள் போய்க் கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும்.